கண்ணாடித் தொட்டியில் ஒரு லத்தீன் பெயர்

பம்மத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இரண்டடித் தொட்டி. நடுவில் பழுப்பு நிறத்தில், பாதி மடக்கிய குடை மாதிரி ஒன்று நிற்கிறது. மேற்பரப்பில் மெழுகு தேய்த்தது போல ஒரு பளபளப்பு. கூடவே ஒரு குரல் செய்தி: "அண்ணா, ஒங்க கட்டுரையப் பாத்துத்தான் கிளாக்கம் வாங்குனேன். ஒம்பது நாளாட்டு மொகமே காட்டல்ல. செத்துப்போச்சா? எடுத்துக் களஞ்சிரட்டா?"

களைய வேண்டாம், அது சாகவில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அது சுலபமான பதில். ஆனால் அந்தச் செய்தியில் 'ஒங்க கட்டுரையப் பாத்து' என்றும் 'கிளாக்கம்' என்றும் இரண்டு சொல் இருக்கிறதே, அது இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை. நான் முன்னால் எழுதிய அந்தக் குறிப்பில் ஐந்து படம் போட்டு, ஐந்துக்கும் கீழே ஐந்து லத்தீன் பெயர் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் இவ்வளவு, நீரோட்டம் இவ்வளவு என்று ஒரு அட்டவணை வேறு. அந்தப் பெயர்களை எங்கிருந்து எடுத்தேன்? கடைக்காரர்களின் விலைப்பட்டியலிலிருந்தும், வளர்ப்பவர்கள் பகிர்ந்த படங்களிலிருந்தும். ஒன்றைக்கூட நானாகச் சோதித்துப் பார்க்கவில்லை. இந்தத் தம்பி அதை நம்பி, பெயர் எழுதாத துண்டை விட்டுவிட்டு, பெயர் எழுதியிருந்த துண்டைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

ஆகவே இது விமரிசனக் கட்டுரைதான். விமரிசிக்கப்படுவது என்னுடைய பழைய குறிப்பும், அந்தக் குறிப்பு எந்த வகை எழுத்தைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த வகை எழுத்தும்.

முதலில் உயிரைப் பற்றி. காளான் தோல் பவளம் என்று நாம் சொல்வது சார்கோஃபைட்டன் என்ற பேரினம். எங்கள் பக்கத்தில் காளானைக் கூண் என்றும் சொல்வார்கள். மழைக்குப் பிறகு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கூண் முளைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவத்தை விளக்க வேண்டியதில்லை. வழுவழுப்பான ஒரு தண்டு, மேலே விரிந்த தொப்பி, தொப்பியின் ஓரத்தில் மடிப்புகள். தொப்பியிலிருந்து நூற்றுக்கணக்கான பாலிப்கள் நீண்டு நீரில் ஆடும். ஒவ்வொரு பாலிப்பிலும் எட்டு உணரிழைகள், ஒவ்வொரு இழையின் இரு பக்கமும் இறகு போலச் சிறு கிளைகள். பாலிப்கள் முழுதாக உள்ளே போய்விட்டால் தொப்பி பதம்போட்ட தோல் மாதிரி ஆகிவிடும். தோல் பவளம் என்ற பெயர் அதனால்தான். 1834-இல் ரெனே லெஸ்ஸன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் சதை, ஃபைட்டான் என்றால் செடி. சதைச்செடி.

இது பாறைப் பவளங்களைப் போலச் சுண்ணாம்பில் வீடு கட்டுவதில்லை. பதிலாக, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுண்ண முட்களை உடம்பெல்லாம் நிரப்பி வைத்திருக்கிறது. ஸ்கிளரைட் என்பார்கள். நம் கதையே இந்த முட்களில்தான் வந்து முடியப் போகிறது.

தம்பியின் பவளம் ஏன் முகம் காட்டவில்லை? சார்கோஃபைட்டன் அவ்வப்போது தன் மேல்தோலை உரித்துக்கொள்ளும். பாலிப்கள் எல்லாம் உள்ளே போய்விடும், தொப்பி சுருங்கும், மேலே மெழுகுப்படலம் ஒன்று உருவாகும். மேலே படிந்த பாசியும் அழுக்கும் அந்தப் படலத்தோடு சேர்ந்து கழன்று போகும். சில நாளில் முடியலாம், இரண்டு வாரம் கூட இழுக்கலாம். புதுத் தொட்டிக்கு மாற்றினாலும் வெளிச்சம் மாறினாலும் இப்படிச் செய்யும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் படலம் சீக்கிரம் கழலும். செத்துக்கொண்டிருக்கிறதா என்று அறிய மூக்கை நம்பலாம்: அழுகல் வாடை, தண்டு கூழாகிச் சரிதல், கருப்பு அல்லது வெள்ளைத் திட்டாகக் கரைதல். இவை இருந்தால் அழுகிய பகுதியைப் பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு நல்ல பகுதியைக் காப்பாற்ற வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வெறுமனே பளபளத்துக்கொண்டு மூடியிருந்தால், சும்மா இருக்கவேண்டியதுதான்.

என் பழைய குறிப்பில் ஐந்து லத்தீன் பெயர் இருந்தது. இந்த ஒரு பத்தி இல்லை. இதைவிடப் பெரிய விமரிசனம் அந்தக் குறிப்புக்கு வேண்டாம்.

இப்போது பெயருக்கு வருவோம். ஒரு தோல் பவளத்தைக் கையில் கொடுத்தால் வீட்டில் இருந்தபடி நாம் எதுவரை அடையாளம் சொல்ல முடியும்? பேரினம் வரை, கொஞ்சம் பொறுமை இருந்தால், பெரும்பாலும் சொல்லிவிடலாம். குழப்பம் தருபவை மூன்று பேரினங்கள்: சார்கோஃபைட்டன், லோபோஃபைட்டம், சினுலாரியா. கடையில் மூன்றுக்கும் 'லெதர்' என்றுதான் பெயர்.

நல்ல லென்ஸ் ஒன்றை எடுத்துத் தொட்டிக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். நீண்ட பாலிப்களுக்கு நடுவே, ஊசி குத்திய புள்ளி போலச் சின்னச் சின்னத் துளைகள் தெரிகிறதா? அவையும் பாலிப்கள்தான். உணரிழை நீட்டாமல், உடம்புக்குள் நீரை இழுத்து ஓட்டும் வேலையை மட்டும் செய்பவை. சைஃபனோசூயிட் என்று பெயர். இரண்டு வகைப் பாலிப்பும் இருந்தால் சார்கோஃபைட்டன் அல்லது லோபோஃபைட்டம். ஒரே வகைதான் என்றால் சினுலாரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சினுலாரியாவின் அடிப்பகுதியில் இருக்கும் முட்கள் பெரியவை, சிலவற்றில் வெறும் கண்ணுக்கே தெரியும். அறுத்தால் மணல் நெரிவது போல நெரியும். சார்கோஃபைட்டனுக்கும் லோபோஃபைட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் உருவத்தில்: தனியாகத் தெரியும் தண்டும் காளான் தொப்பியும் என்றால் முதலாவது, பாறையோடு ஒட்டிப் படர்ந்து மேலே விரல் போலவோ வரப்பு போலவோ எழுந்தால் இரண்டாவது. இடைப்பட்ட உருவங்களும் உண்டு, அங்கே தடுமாறத்தான் வேண்டும்.

இதற்கு மேல் போக வேண்டுமானால் முள்ளைப் பார்க்க வேண்டும். முறை ஒன்றும் ரகசியம் இல்லை. சிறு துண்டு திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கழிப்பறைக்கு ஊற்றுகிற ப்ளீச்சில் ஒரு சொட்டு விட்டால் சதை கரைந்து முட்கள் மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பே போதும். தொப்பியின் மேல்தோலில் கதாயுதம் போன்ற முட்கள், தொப்பியின் உட்பகுதியில் மெல்லிய கோல்கள், தண்டின் உட்பகுதியில் கரடுமுரடான தடித்த முட்கள் என்று இடத்துக்கு இடம் வேறு வேறு. சிற்றினத்தைப் பிரிப்பதற்குத் தண்டின் அடிப்பகுதியில் இருக்கும் முட்கள் முக்கியம். அதாவது, தொப்பி ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்து விற்கும் ஒரு துண்டில், பெயர் சொல்லத் தேவையான பகுதியே இருக்காது. அந்தத் துண்டின் மேல்தான் நாம் லத்தீனில் பெயர் எழுதி ஒட்டுகிறோம்.

முள்ளை எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதாவது பெயர் கிடைக்குமா? டச்சு ஆய்வாளர் ஃபெர்செவெல்ட் 1982-இல் இந்தப் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து, அருங்காட்சியகங்களில் இருந்த மூல மாதிரிகளின் முட்களை வரைந்து ஒழுங்குபடுத்தினார். பல வருடம் அதுவே கைவிளக்கு. பிறகு 2006-இல் கேத்தரின் மெக்ஃபேடனும் அவரோடு சேர்ந்தவர்களும், எண்கதிர்ப் பவளங்களுக்கே உரிய ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவை வைத்து சார்கோஃபைட்டனையும் லோபோஃபைட்டத்தையும் சோதித்தார்கள். சார்கோஃபைட்டன் கிளாக்கம் என்று முள்ளைப் பார்த்து அடையாளம் சொல்லப்பட்ட மாதிரிகள் ஒரே கிளையில் சேரவில்லை. குறைந்தது ஆறு வெவ்வேறு கிளைகளில் சிதறிக் கிடந்தன. போதாததற்கு, இந்த இரண்டு பேரினங்களும் கலந்த ஒரு கிளையும் தனியாக வந்து நின்றது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கிளாக்கம் என்ற பெயர் 1833-இல் க்வாயும் கெய்மார்டும் வைத்தது, ஆஸ்ட்ரோலாப் கப்பலின் பயணத்தில் சேகரித்ததை வைத்து. கிளாக்கம் என்றால் லத்தீனில் சாம்பல் கலந்த நீலப்பச்சை. அந்த ஒரு பெயரின் கீழே, உருவத்திலும் முள்ளிலும் பிரித்தறிய முடியாத பல உயிர்கள் குடியிருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் இதையே பார்க்கிறவர்கள், முள்ளையும் கையில் வைத்துக்கொண்டு, மரபணுவையும் படித்துவிட்டு, 'இது பல இனங்களின் கூட்டு' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். மார்த்தாண்டத்தில் மேசையில் உட்கார்ந்து, நீல விளக்கில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்து, நான் எழுதினேன்: 'இது கிளாக்கம். இதற்கு மிதமான வெளிச்சம் போதும்.'

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதரீனா ஃபேப்ரிஷியஸும் பிலிப் ஆல்டர்ஸ்லேடும் எழுதி 2001-இல் ஆஸ்திரேலியக் கடலறிவியல் நிறுவனம் வெளியிட்ட மென்பவளங்கள், கடல் விசிறிகள் பற்றிய வழிகாட்டி. இந்தியப் பெருங்கடலும் செங்கடலும் மத்திய மேற்குப் பசிபிக்கும் அதன் பரப்பு. படங்கள் அத்தனை அழகு. ஆனால் முதல் தடவை புரட்டியபோது எனக்கு ஏமாற்றம்தான். பேரினத்தோடு நின்றுவிடுகிறார்கள். சார்கோஃபைட்டன் என்று தலைப்பு, உருவம், பாலிப், முட்களின் படம், எதோடு குழப்பிக்கொள்ளலாம் என்ற எச்சரிக்கை. என்ன சிற்றினம் என்று படத்தின் கீழே தேடினால் கிடைக்காது. 'இவ்வளவு பெரிய ஆட்கள், பேரைச் சொன்னா என்னவாம்' என்று நினைத்து மூடி வைத்தேன்.

அதே சமயம் வளர்ப்பவர்களுக்கென்று எழுதப்பட்ட நூல்களை ஆசையோடு படித்தேன். டெல்பீக்கும் ஸ்ப்ரங்கும் 1997-இல் கொண்டுவந்த 'தி ரீஃப் அக்வேரியம்' இரண்டாம் தொகுதி மென்பவளங்களுக்கு நிறைய இடம் கொடுத்தது. வளர்ப்பில் அவர்கள் அனுபவம் பெரிது, இன்றும் அதிலிருந்து கற்றுக்கொள்கிறேன். நான் குறை சொல்வது அந்த மாதிரி நூல்களை அல்ல. அவற்றிலிருந்து படத்தையும் பெயரையும் மட்டும் பிய்த்து எடுத்து, எச்சரிக்கையைக் கீழே போட்டுவிட்டு, கைமாறிக் கைமாறி வந்த ஒரு எழுத்து இருக்கிறதே, அதை. 'ஐந்து சிறந்த', 'தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற' என்று ஆரம்பிக்கும் வகை. விலைப்பட்டியலும் கட்டுரையும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பி அடிக்கும். கடைக்காரர் கட்டுரையைப் பார்த்துப் பெயர் எழுதுவார். கட்டுரை எழுதுகிறவன் கடைக்காரரின் பெயரைப் பார்த்துப் படத்துக்குக் கீழே போடுவான். இரண்டு இடத்தில் ஒரே பெயர் இருப்பதால் வாசிப்பவருக்கு அது உறுதியான செய்தி ஆகிவிடுகிறது. அந்த வட்டத்தில் நானும் ஒரு கண்ணி.

பேரினத்தோடு நின்ற அந்தப் புத்தகம்தான் நேர்மையான புத்தகம் என்று எனக்குப் புரிய இத்தனை நாள் ஆயிற்று. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, பெயர் தப்பானால் என்ன மோசம் போயிற்று, பவளம் வளர்ந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளர்ப்பைப் பொறுத்தவரை பெயர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பது உண்மை. உப்பு அடர்த்தி ஆயிரத்துக்கு 35, வெப்பம் 24 முதல் 27 டிகிரி, மிதமான வெளிச்சம், ஒரே திசையில் அடித்துக் கிழிக்காத நீரோட்டம். இது எந்தச் சார்கோஃபைட்டனுக்கும் பொருந்தும். பிஜி மஞ்சள் என்று விற்கப்படுவது கொஞ்சம் அதிக வெளிச்சமும் கவனமும் கேட்கும் என்பது வளர்ப்பவர்கள் அனுபவம். அதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், எலிகன்ஸ் என்ற பெயர் தேவையில்லை.

எங்கள் ஊரில் உண்மையான பிரச்சினைகள் வேறு. கோடையில் அறை வெப்பம் 32, 33 தொடும்போது தொட்டிநீரும் பின்னாலேயே ஏறும். மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும், ஆனால் நீர் ஆவியாகி உப்பு ஏறும்; தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். கரண்டு போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வேண்டும். தேங்காப்பட்டணத்தில் போய்க் கேனில் கடல்நீர் பிடித்து வருகிறவர்கள், குழித்துறை ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது என்பதை மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் முகத்துவாரத்துக்குப் பக்கத்து நீர் கடல்நீரே ஆகாது, அளந்து பார்க்காமல் ஊற்றினால் தீர்ந்தது. இன்னொன்று: தோல் பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் விடும். பக்கத்தில் இருக்கும் பாறைப் பவளங்கள் அதில் வாடும். சின்னத் தொட்டியில் கரித்தூள் வடிகட்டி வைத்து, மாதாமாதம் மாற்றுவது நல்லது. இதையெல்லாம் எழுதவேண்டிய இடத்தில்தான் நான் லத்தீன் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெயர் சேதம் செய்யும் இடம் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. அதே டெர்பீன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கடலில் எடுத்த கிளாக்கத்திலிருந்து சார்கோஃபைன் என்ற பொருளை 1974-இல் காஷ்மனும் அவர் குழுவும் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு இந்தப் பேரினத்தின் வேதியியல் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது, மருந்தாகுமா என்ற ஆசையோடு. கிளாக்கம் ஆண்டுக்கு ஒரு முறை, குறுகிய நேரத்தில், எல்லாக் காலனிகளும் ஒருசேர முட்டையும் விந்தும் விடுகின்றன என்று பெனயாஹுவும் லோயாவும் 1986-இல் செங்கடலிலிருந்து எழுதினார்கள். அருமையான வேலை. ஆனால் 2006-க்குப் பிறகு இதையெல்லாம் படிக்கும்போது, ஆறில் எந்தக் கிளாக்கம் என்று கேட்காமல் இருக்க முடியாது. அவர்களுக்காவது மாதிரி எடுத்த கடல் தெரியும், தேதி தெரியும். வருங்காலத்தில் ஒருவர் திரும்பப் போய் அதே இடத்தில் பார்க்கலாம். நம் தொட்டியில் இருப்பதற்குப் பெயர் மட்டும் இருக்கிறது, ஊர் இல்லை. எந்தக் கடல், எந்தப் பார், யார் எடுத்தது, எப்போது? கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த விவரம் உதிர்ந்துபோய், அந்த இடத்தில் ஒரு லத்தீன் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது சட்டத்திலும் இடிக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளங்கள் எல்லாமும், ஆர்கன் குழாய்ப் பவளம், நெருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள். கவனித்தால், ஆர்கன் குழாய்ப் பவளத்தைத் தவிர மற்றதெல்லாம் சிற்றினம் சிற்றினமாகச் சொல்லப்படவில்லை, மொத்தக் குழுவாக அள்ளிச் சொல்லியிருக்கிறார்கள். பிடிபட்ட மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு வனக்காவலர் ஒருவர் சிற்றினம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற விவேகம் அதில் இருக்கிறது. ஆனால் காளான் தோல் பவளம் அந்தப் பட்டியலில் பெயரோடு இல்லை. பன்னாட்டு சைட்டிஸ் உடன்படிக்கையிலும் பாறைப் பவளங்கள் உண்டு, இது இல்லை. ஆகவே எங்கிருந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கும் அந்த வழியாகக் கிடைப்பதில்லை. 2022-இல் மெக்ஃபேடன், வான் ஓஃப்வெகன், குவாட்ரினி மூவரும் எண்கதிர்ப் பவளங்களின் வகைப்பாட்டையே மரபணு அடிப்படையில் திருத்தி எழுதியபோது, கடல் விசிறிகள் என்று நாம் ஒன்றாகச் சொல்வது இயற்கையில் ஒரே குடும்பம் இல்லை என்பதும் தெளிவாகிவிட்டது. சட்டத்தின் பெயர்களும் ஒருநாள் திரும்பப் பார்க்கப்பட வேண்டியவைதான்.

பட்டியலில் இல்லை என்பதால் எங்கிருந்தும் எடுக்கலாம் என்று ஆகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் எதையும் பறிக்க முடியாது, பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தோல் பவளம் ஒட்டிக்கொண்டு வரும் 'லைவ் ராக்' என்ன என்று யோசித்திருக்கிறோமா? பல நேரம் அது செத்த பாறைப் பவளத்தின் எலும்பு. மேலே இருப்பது பட்டியலுக்கு வெளியே, கீழே இருப்பது பட்டியலுக்கு உள்ளே. வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி 'இது கிளாக்கமா எலிகன்ஸா' என்பது இல்லை. 'தொட்டியில் வெட்டி வளர்த்ததா, கடலில் பறித்ததா? எந்தக் கல்லில் ஒட்டியிருக்கிறது?' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில்தான் லத்தீன் பெயர் அதிகம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

வெட்டி வளர்ப்பதும் கஷ்டம் இல்லாத பவளம் இது. கூர்மையான பிளேடால் தொப்பியில் ஒரு துண்டு அறுத்து, சின்னச் சுண்ணாம்புக் கல்லின் மேல் வலைத்துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் சில வாரத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். பசை போட்டால் வழுவழுப்பில் கழன்றுவிடும். ஒரே தாய்ப் பவளத்திலிருந்து ஒரு ஊருக்கே கொடுக்கலாம். கடலுக்குப் போக வேண்டிய தேவை நமக்கு உண்மையிலேயே இல்லை.

எனக்கு நானே ஒரு எதிர்வாதமும் சொல்லிப் பார்த்தேன். பெயரே இல்லாவிட்டால் எதை வைத்துத் தேடுவது, எதை வைத்துப் பேசுவது? கடைசியில் எல்லாம் 'லெதர்' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடாதா? அதற்கும் வழி எப்போதோ இருக்கிறது. ஆய்வாளர்கள் பேரினத்தை எழுதிவிட்டு எஸ்.பி. என்று போடுவார்கள். போலீஸ் எஸ்.பி. இல்லை, ஸ்பீஷீஸ் என்பதன் சுருக்கம், 'ஏதோ ஒரு சிற்றினம், எனக்குத் தெரியவில்லை' என்று பொருள். அதை எழுதக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. அதன் பக்கத்தில் ஊரும் தேதியும் இருந்தால், வெறும் பெயரைவிட அது பல மடங்கு மதிப்பு. 1902-இல் ஹெர்ட்மன் இலங்கை முத்துப்பார்களில் சேகரித்த மென்பவளங்களைப் பற்றி எடித் பிராட் 1905-இல் அறிக்கை எழுதினார். அந்தக் காலத்துப் பெயர்கள் பிறகு திருத்தப்படலாம், சிலது செல்லாமலும் போகலாம். எங்கே எடுத்தது என்ற குறிப்பு மட்டும் திருத்தப்படாமல் நிற்கும்.

இந்த ஊர்க்காரனுக்கு இது புதிய பாடமும் இல்லை. மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் அதற்குப் பூப்பெயர் சொல்லி விற்பார்கள், மலைப்பூ, மூலிகைப்பூ என்று. இங்கே பெட்டி வைக்கிறவரிடம் கேளுங்கள்: பெரும்பகுதி ரப்பர் தேன். அதுவும் ரப்பர் பூவிலிருந்து இல்லை, தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து. அவருக்கு அதைச் சொல்வதில் வெட்கம் ஏதும் கிடையாது. எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தப் பெட்டி என்று சொல்வார். புவிசார் குறியீடு வாங்கியதும் ஊர்ப் பெயருக்குத்தான். அவரிடம் கற்றுக்கொள்ளவேண்டியதை விட்டுவிட்டு, லேபிள் ஒட்டுகிறவர்களிடம் நான் கற்றிருக்கிறேன்.

தம்பியின் பவளம் பன்னிரண்டாம் நாள் தோலை உரித்தது. பதினான்காம் நாள் வீடியோ அனுப்பினார், பாலிப்கள் எல்லாம் நீண்டு ஆடுகின்றன. "அண்ணா, வந்துட்டு!" என்று ஒரே சந்தோஷம். கூடுதலாகக் கொடுத்த காசைப் பற்றி நானாகப் பேச்செடுத்தேன். "அது போட்டும்ணா" என்றார். எனக்குத்தான் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பம்மத்துக்குப் போய், லென்ஸ் வைத்து இருவரும் பார்த்தோம். சைஃபனோசூயிட்கள் இருக்கின்றன, தண்டு தனியாகத் தெரிகிறது. தொட்டியின் ஓரத்தில் அவர் ஒட்டியிருந்த கிளாக்கம் சீட்டை எடுத்துவிட்டு, அவர் கையாலேயே வேறு எழுதினார்: சார்கோஃபைட்டன், சிற்றினம் தெரியாது, வாங்கிய மாதம், தொட்டியில் வெட்டியது என்று கடைக்காரர் சொன்னது, முதல் உரிப்பு பதினான்கு நாள்.

என் பழைய குறிப்பை அழிக்கவில்லை. அழித்தால் இன்னொருவர் அதே தப்பைச் செய்யும்போது காட்ட எதுவும் இருக்காது. ஐந்து பெயர்களையும் அடித்துவிட்டு மூன்றின் கீழே 'சார்கோஃபைட்டன் எஸ்.பி.' என்று எழுதியிருக்கிறேன். நான்காவது படம் லோபோஃபைட்டமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பாலிப்கள் மூடியிருக்கும்போது எடுத்த படம், உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஐந்தாவதற்குப் பேரினம்கூட எழுதவில்லை. அந்தப் படம் யாருடையது, எந்தத் தொட்டி என்பதே எனக்குத் தெரியாது என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

உங்கள் தொட்டியில் காளான் தோல் பவளம் இருந்தால், பெயர் கேட்டு எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். எங்கே வாங்கியது, எப்போது, எந்தக் கல்லில் இருந்தது, எத்தனை நாளைக்கு ஒருமுறை தோல் உரிக்கிறது, அப்போது வெப்பம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். பத்து பேர் அனுப்பினால் அடுத்த குறிப்பில் ஒரு அட்டவணை போடலாம். இந்தத் தடவை அட்டவணையில் லத்தீன் பத்தி இருக்காது.